மறுசுழற்சி வண்டியை எங்கள் பக்கமும் வரவைப்பது எப்படி?

திருகோணமலை உறவுகளே, நாங்கள் இருப்பது நிலாவெளி வீதிப் பக்கம், டவுனை விட்டுச் சற்றுத் தள்ளி. குப்பை ட்ரக்டர் வரும். ஆனால் எல்லாம் ஒரே பெட்டிக்குள்தான் போகும். போன மாரியிலிருந்து வீட்டிலேயே பிரித்து வைக்கிறோம். உள்ளூராட்சி சபையில் மனுக் கொடுத்தோம், "பார்ப்போம்" என்றார்கள். கிராம சேவகரிடமும் சொல்லியாயிற்று. பழைய இரும்புக்காரர் முக்கோணத்துக்குள் 1 என்று (பிளாஸ்டிக் வகை எண்) போட்ட தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுப்பார். யோகட் கப், ஷொப்பிங் பேக், உடைந்த கண்ணாடி அப்படியே கிடக்கும். எரிக்க மனமில்லை. வெளியே வைத்தால் மாடு கிழித்துவிடும் (டவுனில் திரிவது மான், இங்கே மாடு!). பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்திருக்கிறோம், சாக்குகளை அடுக்க இடமும் உண்டு. மறுசுழற்சி வண்டி மாதம் ஒருமுறை வந்தாலே போதும்.

உங்கள் பகுதிக்கு இந்தச் சேவையைக் கேட்டு வாங்கியவர்கள், யாரிடம் எப்படிக் கேட்டீர்கள்?