தாராவி குறும்படம்: ஒரு வக்கீலும் ஒரு பையனும் தேவை

வணக்கம் மக்களே. நான் தாராவி 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறேன். போதைப்பொருள் பொட்டலம் கைமாற்றும் வேலையில் மாட்டிக்கொள்ளும் 12 வயதுப் பையனைப் பற்றி ஒரு கிரைம் குறும்படம் எழுதுகிறேன். அப்பா சைக்கிளில் இட்லி விற்பவர். விடிகாலையில் ஹாரன் அடித்தபடி சயான் பக்கம் போவார். பின்னால் சட்னித் தூக்கோடு பையன். தூக்குக்கு அடியில் சுற்றிய துணியில்தான் பொட்டலம். அப்பாவுக்கே தெரியாது. இதுவரை சரி.

சிக்கல், பையன் பிடிபடும் காட்சியில். முதலில் லாக்கப்பில் உட்கார வைத்து எழுதிவிட்டேன், சினிமா பார்த்து வந்த பழக்கம். அப்புறம் 2015 சிறார் நீதிச் சட்டத்தைப் புரட்டினால், 18 வயதுக்குக் கீழே லாக்கப்பே கூடாதாம். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள். பிள்ளையை வைத்துச் சரக்கு விற்றவனுக்கு 78ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல்.

சட்டம் புரிகிறது, அறை கண்ணில் வரவில்லை. மேஜை எப்படிப் போட்டிருக்கும்? அப்பா எங்கே நிற்பார்? தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவிடம் யார் பேசுவார்கள்? மும்பையில் இதைப் பார்த்த வக்கீலோ சமூக சேவகரோ அரை மணி நேரம் பேசினால் போதும். எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம்.

இன்னொன்று, நடிக்க 11, 12 வயதுப் பையன் வேண்டும். நெல்லைத் தமிழ் 'வால'யும் மும்பை இந்தி 'சல் ஹட்'டும் ஒரே மூச்சில் வர வேண்டும். பெற்றோர் கூடவே இருக்கலாம், பள்ளி நாளில் ஷூட்டிங் இல்லை. சம்பளம் கொஞ்சம்தான், சாப்பாடு நிச்சயம். இன்பாக்ஸில் சொல்லுங்கள்.