மறுமொழி: 'மேஷ்' என்பது ஊறலா, துழவையா?

அன்புள்ள குழுவினருக்கு,

இந்த இழையில் 'புரூவரி' என்பதற்கு வடிப்பாலை என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. ஆவியாக்கிக் குளிரவைத்து வடிப்பது விஸ்கிக்கும் சாராயத்துக்கும்தான். பியரை நொதிக்க விடுவதோடு சரி. பெயர்ப்பலகைக்குப் 'பியர் ஆலை' போதும். என் சிக்கல் ஆலைக்குள் ஒரு பாத்திரத்தில் கிண்டும் 'மேஷ்' (mash) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாமாவைச் சிங்கப்பூரின் துவாஸில் உள்ள டைகர் பியர் ஆலையைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனேன். வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் மாமாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'மேஷ்' வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. இடித்த மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லியை) வெந்நீரில் கொட்டி, ஏறக்குறைய 65 டிகிரிச் சூட்டில் கிண்டுகிறார்கள், மாவுச்சத்து சர்க்கரையாகிறது. மாமா அசரவில்லை. "ஊறல்தானே மாப்பிள்ளை?" என்றார்.

ஊறல் உயிரோடு இருக்கும் சொல்தான். ஆனால் 'சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தியில் போலீஸ் கவிழ்த்துக் கொட்டுவது ஏற்கெனவே நொதித்துக்கொண்டிருப்பது. மேஷில் ஈஸ்ட் இன்னும் சேரவே இல்லை. குடித்தால் இனிக்கும், ஏறாது.

என் பரிந்துரை 'துழவை'. பெரும்பாணாற்றுப்படையில் 'அவையா அரிசி அங்களித் துழவை' என்று வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்தால் நறும்பிழி, அதாவது மணமுள்ள கள். அந்த ஆறவிடுதலைக் கவனியுங்கள். கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அதன் நொதிகள் (என்சைம்கள்) செத்துவிடும், மாவு மாவாகவே கிடக்கும். துவாஸில் வெப்பமானி பார்க்கும் வேலையை அங்கே ஒரு தட்டு பார்த்திருக்கிறது.

அந்தப் பாடலில் துழவைக்குப் பிறகுதானே முளை சேர்கிறது என்று யாராவது கேட்பீர்கள். சரிதான். ஆனால் கிண்டுகிற வேலை இரண்டுக்கும் பொது. கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் 'வொர்ட்'. துழவையிலிருந்து அரித்தெடுக்கும் இனிப்புச் சாறு. இதற்கு 'அரியல்' என்று வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் சங்கப் பாட்டில் அரியல் போதை ஏறிய கள். அதனால் இப்போதைக்குத் 'துழவைச்சாறு' என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.