ஊட்டியில ஜாடிக்குள்ள நட்சத்திரம் பார்த்தவங்க இருக்கீங்களா?

குன்னூர்க்காரன்:
ஃப்யூசர்னா, காத்தை உறிஞ்சின சேம்பருக்குள்ள உயர் மின்னழுத்தத்தால அயனிகளை நடுவுக்கு இழுத்து மோதவிட்டு, நட்சத்திரத்துல நடக்குற மாதிரி அணுக்கருவை இணைக்கப் பாக்குற சின்னக் கருவி. நேரா விஷயத்துக்கு வரேன். எம்.எஸ்சி. புராஜெக்ட், ஊட்டி பக்கம் ஒரு லேப், ஜனவரிக் குளிர். ஸ்டீல் சேம்பர், நடுவுல கம்பிக் கூண்டு, கனநீரை மின்னாற்பகுத்து எடுத்த துளியூண்டு டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்). ராத்திரி ரெண்டு மணிக்குக் கூண்டுக்கு மைனஸ் 18 கிலோவோல்ட். மங்கலா பரவிக் கிடந்த ஒளி திடீர்னு நடுவுல சுருண்டு, கூண்டு ஓட்டை வழியா கதிர்கதிரா நீட்டுச்சு. அணுக்கரு இணைஞ்சா நியூட்ரான் வெளியே வரும். மெழுகுக்குள்ள வெச்ச நியூட்ரான் கவுண்ட்டர் பத்து நிமிஷத்துல 41 காட்டுச்சு. "சார், வந்துருச்சு!"ன்னு கத்திட்டேன். சார் ஒண்ணும் சொல்லலை. உயர் மின்னழுத்த சப்ளையை அணைச்சார். "இன்னொரு பத்து நிமிஷம் எண்ணு"ன்னுட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊத்திக்கிட்டார்.

37.

பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அந்த நாலு என்ன?

பழைய டிவி மெக்கானிக்:
தம்பி, நியூட்ரான் எல்லாம் நமக்குத் தெரியாதுங்க. தங்கச்சி பையன் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஒண்ணு செஞ்சு குடுத்தேன், வெறும் காத்துதான், டியூட்டீரியம் கிடையாது. கலர் டிவியில ஹை வோல்டேஜ் குடுக்குற எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர், ஏசிக்காரங்க வேக்குவம் பம்ப், ஊறுகாய் ஜாடி சைஸுக்குக் கண்ணாடி. கோயமுத்தூர்ல கடையில வெச்சு மூணு நாள் ஓட்டுனேன், ஒரு சத்தம் இல்லை. ஊட்டிக்கு பஸ்ல தூக்கிட்டுப் போய் அதே மாதிரி மாட்டுனா, மூணு விரக்கடை தள்ளியிருந்த மேசைக் காலுக்கு வயர்ல இருந்து படார்னு பொறி தாவுது! ஹால் லைட்டு மொத்தம் போச்சு. இருட்டுக்குள்ள பசங்க கை தட்டறாங்க, அதுதான் ஷோன்னு நெனச்சு. கையெல்லாம் வெடவெடன்னு ஆடிருச்சுங்க. மேல காத்து மெல்லிசு, அதான். வேக்குவமும் அங்கே சுளுவா கிடைக்குமாட்ட இருக்கு.

ரோட்டரி பம்ப்:
அண்ணன் சொன்னதுல பாதி சரி. வெளியில பொறி தாவுனதுக்கு உயரம்தான் காரணம். 2,240 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான், அதே இடைவெளி தாங்காது. ஆனா வேக்குவம் சுளுவா கிடைக்கும்கிறது தப்பு. பம்ப் கடைசியில இறங்கி நிக்கிற அழுத்தம் மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துலயும் ஊட்டியிலயும் ஒண்ணுதான். மேல இன்னும் மோசம், பனிமூட்டத்து ஈரம் சேம்பர் சுவத்துல ஒட்டிக்கும், மணிக்கணக்கா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். யாராவது செய்யப் போறீங்கன்னா: கேஸ் பேலஸ்ட்டை (ஆயில்ல ஈரம் தங்காம இருக்கக் கொஞ்சம் காத்து விடுற வால்வு) திறந்து அரை மணி பம்பை ஓட விட்டு ஆயிலைச் சூடாக்குங்க. சேம்பரைத் திறந்தே போடாதீங்க. அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும், எர்த் கம்பியால தொட்ட பிறகுதான் கை வைக்கணும். 20 கிலோவோல்ட் தாண்டினா ஜன்னல் கண்ணாடி வழியா எக்ஸ்ரே வரும், கண்ணை வெச்சுப் பார்க்காம கேமராவை வைங்க. தனியா இருக்கும்போது ஆன் பண்ணவே கூடாது.

என் அனுபவமா? கோத்தகிரியில ஒருநாள் காலைல பம்ப் ஆயில் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. அவ்வளவுதான்.

கொடை மேகம்:
யாரும் கேக்காத வகுப்பு எடுத்தாச்சா? சரி. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல சின்ன வயசுல சூரியனோட பிம்பத்தைக் காட்டுனாங்க. "இதை யாரு பிடிச்சு வெச்சிருக்கா?"ன்னு கேட்டேன். அங்கிருந்த பெரியவர், "அதோட எடைதான் பாப்பா"ன்னார். உங்க ஜாடிக்கு ஏது அந்த எடை? கூண்டைத் தாண்டி உள்ளே பாயுற அயனி பாதி கம்பியில மோதும், மீதி வழியில கிடக்குற வாயுவுல மோதும். 1950-ல சோவியத்தோட சகாலின் தீவுல ராணுவத்துல இருந்த லாவ்ரென்தியேவ், இணைவுக்கான சூடான வாயுவை மின்புலத்தால பிடிக்கலாம்னு மாஸ்கோவுக்கு எழுதி அனுப்பினார். அதைப் படிச்ச சோவியத் இயற்பியலாளர் சகாரவ் கம்பி தாங்காதுன்னுதான் காந்தப்புலத்துக்குப் போனார். எலெக்ட்ரானிக் டிவியைக் கண்டுபிடிச்ச ஃபார்ன்ஸ்வொர்த், அவர்கூட வேலை பார்த்த ஹிர்ஷ் 1967-ல நிறைய நியூட்ரான் காட்டினாங்க, ஒத்துக்கறேன். ஆனா இந்தச் சின்னக் கருவியில போடுற மின்சாரத்துல கோடியில ஒரு பங்குகூடத் திரும்பாது.

ரோட்டரி பம்ப்:
கரண்ட் எடுக்கலாம்னு இங்கே யார் சொன்னது? அவர் கேட்டது நாலு. குன்னூர்க்காரரே, இப்படி எண்ணுற எண் தற்செயலாவே அதோட வர்க்கமூலம் அளவுக்கு ஏறி இறங்கும், 41-க்கு அது ஆறுக்கு மேல. நாலு ஒரு வித்தியாசமே இல்லை. ஊட்டி உயரத்துல, விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிரால உண்டாகுற நியூட்ரான் கடற்கரையை விடப் பல மடங்கு வரும். டாடா ஆராய்ச்சி நிறுவனம் காஸ்மிக் கதிரை அளக்குற கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தை சும்மாவா அங்கே கொண்டுபோய் வெச்சிருக்கு? பேக்ரவுண்டை, அதாவது கருவி ஓடாதப்போ வர்ற எண்ணிக்கையை, முதல்லயே எடுத்திருக்கணும்.

குன்னூர்க்காரன்:
வர்க்கமூலம் அன்னைக்கே சார் போர்டுல போட்டுக் காட்டிட்டார். மெக்கானிக் அண்ணே, உங்க பதிவைப் படிச்ச பிறகுதான் உறைக்குது: நாங்களும் 18-க்கு மேல ஏத்தாம நின்னது வெளியில பொறி பறந்ததால. கீழே வெச்சிருந்தா 25 தொட்டிருக்கலாம், இந்தக் காஸ்மிக் தொல்லையும் குறைஞ்சிருக்கும். இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கலாம்னு சார்கிட்ட கெஞ்சினேன். சிலிண்டர் மீட்டரைத் தட்டிக் காட்டினார். டியூட்டீரியம் தீர்ந்து போயிருந்துச்சு.