ராக்லான் ஸ்வெட்டர்: அக்குள் பிடிக்கிறது, வரிசையை எங்கே கூட்டுவது?

ஊட்டியில் இருக்கிறோம். ஆறு வயது மகளுக்குக் கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லான் ஸ்வெட்டர் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வான கோடுகளில் கண்ணி கூட்டி, உடலையும் கையையும் சேர்த்தே பின்னுவது) பின்னுகிறேன். மூன்று வாரமாகிறது, இரண்டு முறை பிரித்தாயிற்று.

பேட்டர்னின் (பின்னல் குறிப்பின்) கணக்கு 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. என் ஆக்ரிலிக் நூல் கொஞ்சம் தடிமன். மாதிரிச் சதுரத்தைத் துவைத்துக் காயவைத்து அளந்தால் 18 கண்ணி, 26 வரிசைதான் வருகிறது. 3.5 மி.மீ. ஊசியில் 20 கண்ணி வந்தது, ஆனால் துணி அட்டை மாதிரி விறைத்தது. அதை விட்டுவிட்டேன்.

என் கண்ணி பெரிதாக விழுவதால், அப்புறம் பேட்டர்னில் இரண்டு வயது அளவுக்கு உள்ள, மார்புக்கு 120 கண்ணிக் கணக்கை எடுத்தேன். மார்புச் சுற்று 66 செ.மீ., அது சரி. ஆனால் கழுத்திலிருந்து அக்குள் வரை 40 வரிசைக்கு 15 செ.மீ.தான் இறங்குகிறது. பதினேழரையாவது வேண்டும், கையைத் தூக்கினால் பிடிக்கிறது என்கிறாள். வழக்கம்போல் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் கண்ணி கூட்டியபடியே இன்னும் 6 வரிசை போட்டேன். மார்பு 73 செ.மீ. ஆகி, மூட்டை போல் தொங்கியது.

அந்த 6 வரிசையைக் கண்ணி கூட்டாமல் வெறுமனே பின்ன நினைக்கிறேன். அவற்றை அக்குள் பக்கம் மொத்தமாகப் போடலாமா, இடையிடையே பரப்ப வேண்டுமா?