ஐயாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்

குழு: கானாடுகாத்தான் வளவு

காலை 6.10

முத்தையா: இரவிலிருந்து ஐயாவுக்கு வயிற்றுப்போக்கு. எட்டு முறை ஆகிவிட்டது. கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகப் போகிறது.

மீனா: ஐயோ. முன்னோர் படைப்புச் சாப்பாட்டினாலா?

சொக்கு: நம் தெருவில் காலரா என்று சிங்கப்பூர் வரைக்கும் செய்தி வந்துவிட்டதே.

உமையாள்: தம்பி, அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதே. வயிற்றுப்போக்கு என்பது அறிகுறி. காலரா என்பது நோய். மலத்தைச் சோதித்து காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டால்தான் அப்படிச் சொல்லலாம். முத்தையா, கரைசலை எப்படிக் கலந்தாய்?

முத்தையா: ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளரில், அத்தை. சீக்கிரம் தெம்பு வரட்டும் என்று.

உமையாள்: கொட்டிவிடு. அது 1 லிட்டருக்கான பாக்கெட். ஐந்து மடங்கு கெட்டியாகக் கொடுத்திருக்கிறாய். நம் இரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 290 மில்லி ஆஸ்மோல். 1 லிட்டரில் கரைத்தால் கரைசலின் செறிவு 245, அதனால் தண்ணீர் குடலிலிருந்து உடலுக்குள் போகும். கெட்டியாக இருந்தால் உடலின் தண்ணீரைக் குடல் இழுத்துக்கொள்ளும். இதுதான் சவ்வூடு பரவல்.

மீனா: மாவடுச் சாடியில் உப்புப் போட்டதும் நீர் விடுவது போலவா?

உமையாள்: அதேதான். வடு சுருங்குகிறதே, உங்கள் ஐயா, என் அப்பச்சி உடம்பும் அப்படித்தான் வற்றும்.

அலமேலு: அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது மறந்துவிட்டதா? சர்க்கரைத் தண்ணீரை நிறுத்துங்கள். நீராகாரம் போதும்.

உமையாள்: ஆச்சி, இந்தச் சர்க்கரை ருசிக்காக இல்லை. குடல் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, உப்பு அதைத் தானாகக் கடக்காது. சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. உப்பிலுள்ள இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். அவை போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்துப் பன்கான் முகாமில் காலராவில் விழுந்தபோது, ஏற்றுவதற்குப் பாட்டில் திரவம் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அவர் மறைவுக்குப் பின் 2023இல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். 1 லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம்.

அலமேலு: எனக்கு மனசு ஒப்பவில்லை.

சொக்கு: படைப்பில் கொடுத்த பானகத்தை எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள்?

முத்தையா: இரண்டாம் கட்டுக் கிணற்றில்.

சொக்கு: தூர் வார 2019இல் பணம் அனுப்பினேனே!

அலமேலு: அது பட்டாலைக் கூடத்து ஓடு மாற்றியதில் போனது. கணக்கு நோட்டு இருக்கிறது, வந்து பார். வெள்ளிச் சாமான் கணக்கையும் அப்போதே பேசலாம்.

மீனா: இப்போது அதுவா?

உமையாள்: கிணறுதான் காரணம் என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரை யாரும் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். முத்தையா, அப்பச்சிக்கு நாக்கு உலர்ந்திருக்கிறதா? சிறுநீர் போனாரா? கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாரா?

முத்தையா: நாக்கு உலர்ந்திருக்கிறது. சிறுநீர் இரவு ஒரு முறைதான். பேச்சு தெளிவு.

உமையாள்: எண்பது வயது, காத்திருக்க வேண்டாம். உடனே காரைக்குடிக்கு அழைத்து வா. நான் மருத்துவமனை வாசலில் நிற்கிறேன். கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர் அளந்து, முழுப் பாக்கெட்டையும் கரைத்து எடுத்துக்கொள். வழியெல்லாம் கரண்டி கரண்டியாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுக் கொடு. அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்து வா. எதை நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

சொக்கு: யார் காரில்?

அலமேலு: என் மகன் கார் வாசலுக்கு வந்துவிட்டது. நானும் வருகிறேன். கரண்டியை நானே பிடித்துக்கொள்கிறேன்.

காலை 8.40

முத்தையா: பாட்டில் ஏற்றுகிறார்கள். மலம் சோதனைக்குப் போயிருக்கிறது. ஐயா இடியாப்பம் கேட்கிறார்.

மீனா: பழனியாண்டவர் காப்பாற்றினார்.

சொக்கு: ஆச்சி, கிணற்றுக்கு எவ்வளவு ஆகும்?

உமையாள்: சோதனை முடிவு வரட்டும்.

அலமேலு: பங்காளிகள் எல்லோரும் சமமாகப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

சொக்கு: எந்த ஞாயிறு?