டிரான்சிஸ்டர் வந்த பிறகும் காந்த வளைய நினைவகம் நீடித்தது ஏன்?

கேள்வி:
வணக்கம். கணினி வன்பொருளின் வரலாற்றைச் சொல்லும்போது வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று எனத் தலைமுறைகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். நினைவகம் இந்த வரிசைக்குள் அடங்குவதாகத் தெரியவில்லை. பெல் ஆய்வகத்தில் 1947-லேயே டிரான்சிஸ்டர் உருவாகிவிட்டபோதும், 1970-களின் தொடக்கம் வரை பெரும்பாலான கணினிகளில் பெரைட் என்னும் காந்தப் பொருளாலான சிறு வளையங்களைக் கம்பிகளில் கோத்துச் செய்த நினைவகமே இருந்திருக்கிறது. கணக்கிடும் பகுதி அடியோடு மாறிய பிறகும் நினைவகம் மட்டும் மாறாததற்கு என்ன காரணம்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அதற்கு முன் இருந்தவற்றைப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும். மான்செஸ்டரில் 1948 ஜூன் 21 அன்று இயங்கிய கணினி, ஒரு கத்தோடுக் கதிர்க் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக 1024 பிட்டுகளை (0 அல்லது 1 என்ற இலக்கங்களை) வைத்திருந்தது. அப்புள்ளிகள் நொடிக்குள் மங்கிவிடும் என்பதால் ஓயாமல் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்ற கணினி, பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலித் துடிப்புகளைச் சுற்றவிட்டது. வேண்டிய தரவு குழாயின் மறுமுனைக்கு வந்து சேரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினிக்கோ உடனுக்குடன் விடை தேவைப்பட்டது. அதன் சேமிப்புக் குழாய்கள் அடிக்கடி பழுதானதால், ஜே பாரெஸ்டரின் குழு 1953-இல் காந்த வளையங்களைப் பொருத்தியது.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னதோடு ஆன் வாங்கின் பெயரையும் சேர்க்க வேண்டும். வளையத்தில் உள்ளதைப் படித்தால் அது அழிந்துவிடும், ஆனால் படித்த கையோடு திரும்ப எழுதிவிடலாம் என்ற வழியைக் கண்டவர் அவர். ஹார்வர்டில் பணியாற்றிய காலத்தில், 1949-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் ஐ.பி.எம். அதை 5 லட்சம் டாலருக்கு வாங்கியது.

பாரெஸ்டரின் பங்களிப்பு, தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு வளையத்தின் வழியாகவும் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு கம்பிகள் செல்கின்றன. ஒரு கம்பியில் பாதி மின்னோட்டம் மட்டுமே பாயும். அது வளையத்தின் காந்தத் திசையை, அதாவது அதிலுள்ள பிட்டை, திருப்பப் போதாது. இரண்டும் சந்திக்கும் ஒரே ஒரு வளையம்தான் முழு மின்னோட்டத்தைப் பெற்றுத் திரும்புகிறது. இப்படி 64 கம்பிகளைக் கொண்டே 1024 வளையங்களில் எதையும் தனியே தொட முடிந்தது. எல்லா வளையங்களின் ஊடாகவும் செல்லும் உணர்கம்பியில், திரும்பிய வளையம் ஒரு சிறு துடிப்பை எழுப்பும். அதுதான் படிக்கப்படும் விடை. இவ்வளவு எளிய பொருளிலிருந்து இத்தனை துல்லியமான வேலையை வாங்கியதை, பொறியியலின் மிக அழகிய சாதனைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரடியான விடை செலவுதான். டிரான்சிஸ்டர்களால் ஒரு பிட்டை வைத்திருக்கப் பல உறுப்புகளை இணைத்தாக வேண்டும். வளையம் என்றால் ஒன்றே போதும். நுண்ணோக்கியின் உதவியுடன் வளையங்களைக் கோத்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய உழைப்பை இந்த வரலாறு போதிய அளவு பதிவு செய்யவில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் அந்தச் செலவுக் கணக்கு எப்போது மாறியது?

மறுமொழி 3:
ஒரே சில்லில் நூற்றுக்கணக்கான உறுப்புகளைச் சேர்ந்தாற்போல் பதிக்க முடிந்தபோது மாறியது. ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் ஒரு பிட்டுக்குப் போதும் என்று காட்டி 1968-இல் காப்புரிமை பெற்றார். இன்டெல் 1970-இல் வெளியிட்ட 1103 என்ற சில்லு, ஒரு பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்தினாலும், மான்செஸ்டர் கணினியின் நினைவகம் முழுவதற்கும் ஈடான 1024 பிட்டுகளைத் தன்னுள் அடக்கியிருந்தது. மின்னூட்டம் கசிவதால் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பழைய தொல்லை அதிலும் உண்டு. ஆயினும் விலையிலும் வேகத்திலும் வளையங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இந்த மாற்றத்தில் இழப்பும் இருந்தது. வளைய நினைவகம், மின்சாரம் நின்றாலும் தன்னிடம் உள்ளதை மறப்பதில்லை. புதிய சில்லுகள் மறந்துவிடும். நம்பகத்தன்மை முதன்மையாக இருந்த இடங்களில் வளையங்கள் விடைபெற நெடுநாள் ஆனது. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் கணினிகள் 1980-களிலும் அவற்றையே பயன்படுத்தின.