நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் சர்க்கரையில்லாத சூயிங் கம்: சரிப்படுமா?

கணக்கப்பிள்ளை:
எங்கள் அலுவலகத்தில் நாலு மணி ஆனால் கீழே டீக்கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜியும் மெதுவடையும் பேப்பரில் சுற்றி மேலே வந்துவிடும். ஒருவர் வாங்கினால் ஆறு பேர் கை நீட்டுவோம். ஒன்றரைக்குத்தான் முழுச் சாப்பாடு சாப்பிட்டிருப்போம், அதற்குள் பசிக்க நியாயமே இல்லை. வாய் நமநமவென்று இருக்கும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் சர்க்கரையில்லாத சூயிங் கம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறேன். ஒன்றில் 5 கலோரி அளவுதான். புதினா வாசனை இருக்கும்போது வடையைக் கடிக்கவும் தோன்றுவதில்லை. நொறுக்குத் தீனியை விட நினைப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சுண்டல்தாசன்:
வந்துவிட்டேன். ஒன்றரைக்குச் சாப்பிட்ட வெள்ளைச் சோறும் ரசமும் நாலு மணி வரை தாங்காது சார். அது பசியேதான். பசித்த வயிற்றுக்கு ரப்பரைக் காட்டி ஏமாற்றுகிறீர்கள். சும்மா சொல்லவில்லை, சூயிங் கம்மின் அடிப்பொருளில் பாலிஐசோபியூட்டிலீன் என்ற செயற்கை ரப்பரும் பாலிவினைல் அசிடேட்டும் சேர்ப்பார்கள். இரண்டாவது சமாசாரம் தச்சர்கள் ஒட்டும் வெள்ளைப் பசையிலும் உண்டு. ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் ராத்திரி வரை வயிறு பேசாது. புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து வருகிறது.

கணக்கப்பிள்ளை:
ரப்பரை யாரும் விழுங்கச் சொல்லவில்லையே! அதில் போடுவது உணவுக்கென்று அனுமதித்த தரம்தான். சுண்டலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், காலையில் அவித்துத் தாளித்து டப்பாவில் அடைக்க வேண்டும். பஜ்ஜி தானாக மாடியேறி வருகிறது. போட்டி சமமில்லை. ஆய்வும் இருக்கிறது: 2007இல் பிரிட்டனில் மதிய உணவுக்குப் பிறகு சூயிங் கம் மென்றவர்கள், பின்னால் கொடுத்த நொறுக்குத் தீனியில் சராசரியாக 36 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

எதிர்வாதி:
36 கலோரியா? எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. ஆக நாலு கிராம் எண்ணெய். உங்கள் பஜ்ஜியைச் சுற்றி வந்த பேப்பரே அதைவிட அதிகம் குடித்திருக்கும்.

இன்னொன்றையும் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், எப்படியும் யாராவது கொண்டு வருவார்கள். மெல்வதாலேயே கலோரி எரிகிறது என்று 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் அளந்து எழுதினார்கள். மணிக்கு 11 கலோரி. ஒரு மணி நேரம் தாடை வலிக்க மென்று ஒன்றேகால் கிராம் எண்ணெயைக் கரைப்பதற்குப் பதில், இரண்டு மாடி படி ஏறி இறங்கலாம். சூயிங் கம் தயாரிக்கும் ரிக்லி நிறுவனம் அதன் நன்மைகளை ஆராய 2006இல் தன் செலவிலேயே ஓர் ஆய்வு அமைப்பை ஏற்படுத்தியது. சூயிங் கம் புராணம் கேட்கும்போது பணம் யாருடையது என்றும் பாருங்கள்.

அப்புறம், 2013இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், புதினா கம் மென்றவர்களுக்குப் பழத்தின் மீதுதான் நாட்டம் குறைந்தது. புதினா வாயோடு ஆரஞ்சு தின்றால் எப்படிக் கசக்கும் என்று தெரியுமல்லவா? சிப்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. விட வேண்டியதை விட்டுவிட்டு, தின்ன வேண்டியதைத் தடுக்கிறது உங்கள் மருந்து.

போதாததற்கு, எடை குறைக்க, சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

கணக்கப்பிள்ளை:
அந்தப் பரிந்துரையை முழுசாகப் படியுங்கள். கம்மில் இனிப்புக்குப் போடும் சைலிட்டால், சார்பிட்டால் வகைச் சர்க்கரை ஆல்கஹால்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. என் பாக்கெட்டில் முதலில் எழுதியிருப்பது சார்பிட்டால்தான்.

எதிர்வாதி:
அதன் கீழேயே அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியும் இருக்குமே, அதற்குப் பொருந்தும். சார்பிட்டாலையே பிடித்துக்கொண்டாலும் சரி. அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு என்று பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். குடல் அதை முழுசாக உறிஞ்சாது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 2008இல் ஜெர்மனி மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஓயாத வயிற்றுப்போக்கு, காரணம் புரியவில்லை. விசாரித்தால் இருவரும் நாள் முழுக்க சர்க்கரையில்லாத கம். ஒரு பெண் 11 கிலோ இளைத்திருந்தார். எடை குறைய இது நல்ல வழியாயிற்றே என்று இங்கே யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

பல்லுக்குறுதி:
நான் பல் மருத்துவர். நீங்கள் எல்லாரும் வயிற்றையே பேசுகிறீர்கள், வழியில் பல் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை எதையாவது கொறிக்கும்போதும் வாயிலுள்ள கிருமிகள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. மென்றால் எச்சில் பெருகும், அது அமிலத்தைத் தணிக்கும். சாப்பிட்ட பின் 20 நிமிடம் சர்க்கரையில்லாத கம் மெல்வதற்கு இந்தப் பலன் உண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஏற்றிருக்கிறது. அதனால் என் ஓட்டு கணக்கப்பிள்ளைக்கு. ஆனால் வாய் திறக்கும்போது காதருகே தாடை ‘டக்’கென்று சத்தம் போடுகிறவர்கள், காலையில் தாடை வலியோடு எழுகிறவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் உள்ள பாக்கெட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவே நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கு உலை வைத்துவிடும்.

சிங்கைவாசி:
எங்கள் சிங்கப்பூரில் இந்தச் சண்டைக்கே வழியில்லை. 1992இலிருந்து சூயிங் கம் விற்கத் தடை. 2004இல் பல்லுக்கானது, புகையை விட உதவும் நிக்கோட்டின் கம் போன்றவற்றை மட்டும் பல் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். டீக்குப் பிறகு மெல்ல ஒன்று எடுக்கலாம் என்கிற பேச்சே இங்கே இல்லை. அதனால் நாங்கள் எல்லாரும் பெருத்துப்போய்விடவும் இல்லை.

இன்சுலின்காரி:
சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பற்றி ஒருவரும் பேசவில்லையே அண்ணா. டாக்டர் சாயங்காலம் ஏதாவது சாப்பிடச் சொல்லியிருந்தால், அதை விட்டுவிட்டுக் கம் மென்று உட்கார்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கி வியர்க்கும்போது அந்தக் கம் உதவவே உதவாது, குளுக்கோஸ்தான் வேண்டும். அவர்களுக்குச் சுண்டல் கட்சிதான் சரி.

கணக்கப்பிள்ளை:
அவர்கள் டாக்டர் சொன்னதைக் கேட்கட்டும் அம்மா, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் பேசுவது மதியம் முழுச் சாப்பாடு முடித்துவிட்டு, டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து போகிறவர்களைப் பற்றி. நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதில் ஜெர்மனிக்காரர்களுக்கு வந்தது எனக்கு வராது. 36 கலோரிக் கணக்கு ஆய்வுக்கூடத்துக்கு. நான் விடுவது முழுசாக இரண்டு வடை.

சுண்டல்தாசன்:
வடையை விட்டீர்கள், சரி. ராத்திரி வீட்டுக்குப் போய் எத்தனை தோசை? அதை எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.